கள்ளு முட்டியும் வைன் பீப்பாவும்: வாசகர் கேள்விகள்

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பிரான்சில் இருந்த காலத்தில் இரண்டு வருடம் ஷாம்பெயின் பக்கம் முந்திரிகை பிடுங்கப் போயிருக்கிறேன் என்று பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. "குடியைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமா?" என்று திட்டியும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். யாரையும் குடிக்கச் சொல்லவில்லை ஐயா, கேட்டதற்குத்தான் பதில். இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முந்திரிகை என்றால் எங்கள் யாழ்ப்பாணத்தில் திராட்சை. நீங்கள் முந்திரி என்பதை நாங்கள் கஜு என்போம். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கோண்டாவிலில் எனக்கு ஆறு பரப்பு முந்திரிகைத் தோட்டம் இருக்கிறது. செம்மண், தோண்டினால் சுண்ணாம்புக்கல். பிரான்சிலும் சுண்ணாம்பு நிலத்தில்தான் நல்ல வைன் வருகிறது என்று மகன் சொல்கிறான். அப்படியென்றால் எங்கள் பழத்தில் ஏன் அந்தத் தரம் வருவதில்லை?
— தோட்டக்காரர் ஒருவர், கோண்டாவில்

மகன் சொன்னது பொய் இல்லை. ஷாம்பெயினில் வெண்சுண்ணாம்பு, பூர்கோஞ்சில் சுண்ணாம்புக்கல். இன்னும் கிட்டப் பொருந்துகிற இடம் ஒன்று தென் அவுஸ்திரேலியாவில் இருக்கிறது, கூனவாரா என்று பெயர். சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் மெல்லிய செம்மண் படை, பார்த்தால் உரும்பிராயோ இணுவிலோ என்று நினைப்பீர்கள். கபர்னே சோவினியோன் என்ற வகைக்கு உலகம் முழுக்கப் பேர்போன நிலம் அது. ஆக மண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் கூனவாராக்காரர்தான்.

ஆனால் முந்திரிகைக் கொடி நித்திரை கொள்ளும் சாதி. பிரான்சில் கார்த்திகையோடு இலை கொட்டி, குளிர் முழுக்க வெறும் தடியாக நின்று, பங்குனி சித்திரையில் துளிர்த்து, ஆனியில் பூத்து, பூத்ததிலிருந்து ஏறக்குறைய 100 நாளில் பழம் வெட்டுவார்கள். வருடத்தில் ஒரே ஒரு முறை. உலகத்தில் பேர்போன வைன் நிலங்கள் பெரும்பாலும் 30 பாகைக்கும் 50 பாகைக்கும் இடைப்பட்ட அகலாங்கில் இருப்பதற்கு இந்தக் குளிர்கால நித்திரைதான் முக்கியமான காரணம். நாங்கள் இருப்பது 10 பாகைக்கும் உள்ளே. இங்கே மாரி வந்தாலும் குளிர் வராது, கொடி தானாக உறங்காது. அதனால்தான் நீங்கள் தண்ணீரை நிறுத்தி, இலையை உருவி, கத்தரித்து, "உனக்குக் குளிர்காலம் வந்து போய்விட்டது" என்று கொடியை ஏமாற்றுகிறீர்கள். அதுவும் ஏமாந்து நாலு மாதத்தில் காய்த்துத் தருகிறது. பிறகு திரும்பவும் ஏமாற்றுகிறோம். தின்னும் பழத்துக்கு இது போதும். வைன் பழத்துக்குப் பகல் வெயிலோடு இரவுக் குளிரும் வேண்டும், ஏனென்றால் சூடான இரவில் கொடி பழத்திலுள்ள புளிப்பை எரித்துவிடும். புளிப்பு இல்லாத வைன் உப்பில்லாத கறி.

"எங்கடை பழம்தான் புளிக்கிறதே" என்பீர்கள். அது வேறு புளிப்பு. நிறம் வந்த உடனேயே வெட்டிவிடுகிறோம். வௌவாலுக்குப் பயம், மழைக்குப் பயம், வியாபாரி வந்து நிற்கிறான் என்ற அவசரம்.

இனிக் கணக்கு. ஒரு லீற்றர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சீனி நொதித்தால் 1 வீதம் மதுசாரம் வரும். 12.5 வீத வைனுக்கு லீற்றருக்கு 210 கிராமுக்கு மேல் வேண்டும். அவசரமாக வெட்டிய தின்னும் பழத்தில் 160 இருந்தால் 9 வீதத்தை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். மிச்சத்துக்குச் சீனி போடவேண்டும். சீனி போடுவது களவு என்று நினைக்கவேண்டாம், குளிர் கூடிய இடங்களில் பிரெஞ்சுக்காரர்களும் போடுவார்கள். நெப்போலியனின் அமைச்சராக இருந்த ஷப்தால் என்ற இரசாயன அறிஞரின் பெயரையே அந்த முறைக்கு வைத்திருக்கிறார்கள்.

அதோடு, இங்கே நாங்கள் இஸ்ரேல் புளூ என்று சொல்லும் கருநீலப் பழத்தையும் வைனுக்கென்றே வளர்க்கும் வகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கபர்னே பழம் கடலையைவிடக் கொஞ்சம் பெரிது, தோல் தடிப்பு, சதையின் அளவுக்கு விதை கூட. பந்தியில் வைத்தால் ஒருவரும் தொடமாட்டார்கள். அந்தத் தோலிலும் விதையிலும்தான் நிறமும் துவர்ப்பும் இருக்கின்றன. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் யாரும் ஊறுகாய் போடுவதில்லை, அதுபோலத்தான்.

வெப்ப நாட்டில் முடியவே முடியாதா என்றால், முடிகிறது. மகாராஷ்டிராவின் நாசிக்கில் செய்கிறார்கள். அவர்கள் மழை முடிந்ததும் கத்தரித்து, தை முதல் பங்குனிக்குள் வெட்டிவிடுவார்கள். அது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீற்றர் உயரம், அந்த மாதங்களில் இரவில் போர்வை வேண்டும். கோண்டாவிலில் தை மாதத்திலும் மின்விசிறி சுற்றுகிறது.

வைனுக்குப் பேர்போன பிரெஞ்சு ஊரான போர்தோவின் வைன் இல்லாவிட்டாலும் அங்கேயிருந்து வந்த ஒரு பொருள் உங்கள் கொட்டிலில் கட்டாயம் இருக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துக் கொடிக்கு அடிக்கிறீர்களே, போர்டோக் கலவை, அது அந்த ஊர்தான். வீதியோரக் கொடிகளில் போகிற வருகிறவர்கள் பழம் பிடுங்காமல் இருக்க, பார்க்க நஞ்சு மாதிரி இருக்கட்டும் என்று தோட்டக்காரர்கள் அந்த நீலக் கரைசலைப் பூசியிருக்கிறார்கள். பூசிய கொடியில் மட்டும் பூஞ்சணம் பிடிக்கவில்லை என்பதை 1880களில் மியார்தே என்ற பேராசிரியர் கவனித்து, சோதித்து, 1885இல் வெளியிட்டார். கள்ளனுக்குப் பயந்து பிறந்த மருந்து.

பாரிசிலிருந்து அண்ணாவின் மகன் கொண்டுவந்து தந்த வைன் போத்தல் ஒன்று இருக்கிறது. எந்த வகைப் பழம் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை, 'சென்ற் எமிலியோன்' என்று மட்டும் இருக்கிறது. மகளின் கலியாணத்துக்கென்று ஐந்து வருடமாக அலுமாரியில் நிமிர்த்தி வைத்திருக்கிறோம். வைக்க வைக்கத் தரம் கூடுமாமே?
— ஆசிரியை, நல்லூர்

முதல் பாதி லேசு. பருத்தித்துறை வடை என்று சொன்னால் உள்ளே என்ன பருப்பு என்று யாராவது கேட்கிறோமா? ஊர்ப் பெயரிலேயே எல்லாம் அடங்கிவிடும். பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான், எந்த ஊர்ப் பெயரைப் போட எந்தப் பழம் பாவிக்கலாம், எவ்வளவு விளைச்சல் எடுக்கலாம் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். போர்தோ பக்கத்து ஊரான சென்ற் எமிலியோன் என்றால் பெரும்பங்கு மெர்லோ, கூடவே கபர்னே பிராங். அதே போர்தோவில் ஜிரோந் ஆற்றின் இடது கரையில், மெடோக் என்ற பகுதியில், கூழாங்கல் நிலம் என்பதால் கபர்னே சோவினியோன் முன்னுக்கு நிற்கும். சிலி, அவுஸ்திரேலியா, கலிபோர்னியாக்காரர்கள் பழத்தின் பெயரையே பெரிதாகப் போடுவார்கள், வாங்குகிறவனுக்கு அது வசதி. ஆனால் பழத்தின் பெயரையும் முழுக்க நம்பவேண்டாம். சிலியில் பல காலம் மெர்லோ என்று வளர்த்து விற்றதில் கணிசமானது மெர்லோவே இல்லை, கார்மெனேர் என்ற பழைய போர்தோ வகை என்று 1994இல் அங்கே போன ஒரு பிரெஞ்சுக் கொடியியல் நிபுணர் கண்டுபிடித்தார். பிரான்சில் 1860களில் வந்த பிலொக்சேரா என்ற வேர்ப்பூச்சியோடு அந்த வகை ஏறக்குறைய ஒழிந்தே போயிருந்தது. தாய்வீட்டில் செத்ததென்று நினைத்த பிள்ளை வேறு பெயரில் பிழைத்திருந்த கதை.

மற்றப் பாதிக்கு வருகிறேன், மன்னிக்கவேண்டும் அக்கா. வைக்க வைக்கத் தரம் கூடுவது நூற்றில் ஒரு சிலவற்றுக்குத்தான், அதுவும் 12, 13 பாகை செல்சியசில் இருட்டில் படுக்கவைத்தால். யாழ்ப்பாணத்து அலுமாரிக்குள் சித்திரை வைகாசியில் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும், காற்று உள்ளே போகும். தக்கை வெளியே கொஞ்சம் தள்ளி நிற்கிறதா, வாயோரம் சிவப்பாகக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது வெந்த வைன். குடித்தால் ஒன்றும் செய்யாது, ருசிதான் இருக்காது. நல்லாக இருந்தால் இந்த ஞாயிறே திறவுங்கள், கலியாணத்துக்கு அண்ணாவின் மகன் இன்னொன்று கொண்டுவரட்டும்.

வெக்கையை விரும்புகிற வைன் ஒன்றும் உலகத்தில் உண்டு, மதேய்ரா. போர்த்துக்கேயரின் தீவு. கப்பலின் அடித்தட்டில் வெப்பக் கடலைத் தாண்டிப் போய் வந்த பீப்பாக்கள் கெடவில்லை, ருசி கூடித் திரும்பின. பிறகு அதையே ஒரு முறையாக்கி, கரையிலேயே சூடாக்கி முதிரவைக்கத் தொடங்கினார்கள். உங்கள் அலுமாரிக்குத் தோதானது அதுதான்.

அம்மம்மா நத்தாருக்குப் பழமும் சீனியும் ஈஸ்ற்றும் போட்டுச் சாடியில் வைன் போடுவார். அதே மாதிரி நான் போட்டுப் போத்தலில் அடைத்தேன், மூன்றாம் நாள் இரவு இரண்டு போத்தல் வெடித்துவிட்டது. எங்கே பிழை?
— வாசகி, பாசையூர்

அம்மம்மா சாடியின் வாயைத் துணியால் கட்டியிருப்பார், நீங்கள் மூடியை முறுக்கிப் பூட்டினீர்கள். அவ்வளவுதான் பிழை. ஈஸ்ற் சீனியைத் தின்று பாதியை மதுசாரமாக்கும், பாதியைக் காற்றாக்கும், அந்தக் காற்று எங்கேயாவது போகவேண்டும். எனக்கும் நடந்தது. பாரிசில் நாலு பேர் இருந்த ஒரு அறையில், சந்தையில் மலிவாக வாங்கிய பழத்தை நொதிக்கவைத்து, முடிந்துவிட்டது என்று நினைத்து எலுமிச்சைச் சோடாப் போத்தலில் அடைத்து அடுப்புக்குக் கீழே வைத்தேன். விடிய நாலு மணிக்கு ஒரு சத்தம். எங்கள் தலைமுறைக்கு அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் என்ன செய்வோம் என்று சொல்லவேண்டியதில்லை, நாலு பேரும் கட்டிலுக்குக் கீழே. பிறகு மெல்ல லைற்றைப் போட்டுப் பார்த்தால் சுவரெல்லாம் ஊதா, மாட்டியிருந்த நாட்காட்டியில் முருகன் முகத்திலும் ஊதா. வீட்டுக்காரிக்கு அந்தச் சுவருக்காகக் கட்டிய காசில் நல்ல வைன் ஒரு பெட்டி வாங்கியிருக்கலாம்.

ஷாம்பெயின்காரர்கள் வேண்டுமென்றே செய்வது இதைத்தான். முதல் நொதிப்பு முடிந்த வைனில் கொஞ்சம் சீனியும் ஈஸ்ற்றும் சேர்த்து, தடித்த போத்தலில் அடைத்து, உள்ளேயே இரண்டாம் தரம் நொதிக்கவிடுவார்கள். உள்ளே ஏறும் அமுக்கம் வளிமண்டலத்தைப்போல் 5, 6 மடங்கு. முந்திய காலத்தில் நிலவறையில் வேலை செய்தவர்கள் இரும்பு முகமூடி போட்டுத்தான் இறங்குவார்களாம். செத்த ஈஸ்ற்றைப் போத்தல் கழுத்துக்குக் கொண்டுவரத் தலைகீழாகச் சாய்த்து நாளுக்குக் கொஞ்சமாகத் திருப்பி, கடைசியில் கழுத்தை உறையவைத்துத் திறக்க, கட்டி துள்ளி வெளியே விழும். சாதாரண ஷாம்பெயின் அடைத்த பிறகு குறைந்தது 15 மாதம் அங்கே கிடக்கவேண்டும் என்பது விதி.

இன்னொரு விஷயம், கோபிக்கவேண்டாம். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுசாரம் செய்வது மதுவரிச் சட்டப்படி குற்றம், நத்தார் என்றாலும் அம்மம்மா என்றாலும். ஆகவே அளவு கேட்டு எழுதியதற்கு நான் பதில் தரவில்லை. கண் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். பழத்தை நொதிக்கவிட்டால் வருகிற மெதனோல் என்ற நச்சு மதுசாரம் மிகக் கொஞ்சம். கண்ணையும் உயிரையும் எடுப்பது கண்டதையும் கலந்து விற்கிறவர்களின் வேலை. 1986இல் இத்தாலியில் மலிவு வைனுக்கு மெதனோல் கலந்து விற்று இருபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள்.

கறுப்பு முந்திரிகையில் வெள்ளை வைன் வருமா? நண்பனோடு பந்தயம்.
— மாணவர், திருநெல்வேலி

வரும், காசை வாங்குங்கள். பெரும்பாலான கறுப்பு வகைகளுக்குத் தோலில் மட்டும்தான் நிறம், உள்ளே சாறு வெளிறித்தான் இருக்கும். ஷாம்பெயினில் நான் பிடுங்கியது பினோ நுவார் என்ற கறுப்பு வகை. கைகள் இரண்டும் நாவல்பழம் தின்ற வாய் மாதிரி, ஆனால் பிழியும் இயந்திரத்துக்குக் கீழே ஓடிவந்தது தேசிக்காய்ச் சாற்று நிறம். அங்கே இயந்திரத்தால் அறுவடை செய்ய அனுமதி இல்லை, குலை உடையாமல் கையால்தான் வெட்டவேண்டும், உடைந்தால் தோலின் நிறம் இறங்கிவிடும். பிழிவதற்கும் கணக்கு: 4000 கிலோ பழத்திலிருந்து 2550 லீற்றர், அதற்கு மேல் ஷாம்பெயினுக்கு எடுக்கமுடியாது. தோலோடு சேர்த்து நொதிக்கவிட்டால் சிவப்பு, சில மணித்தியாலம் மட்டும் வைத்து எடுத்தால் ரோசே என்ற இளஞ்சிவப்பு வைன்.

என் ஐயா பனை ஏறியவர். விடியக்காலை இறக்கிய கள்ளு பின்னேரம் வேறு ருசி, அடுத்த நாள் வினாகிரி. வைன் மட்டும் எப்படி ஐம்பது வருடம் நிற்கிறது?
— வாசகர், வதிரி

இந்த மாதக் கடிதங்களில் எனக்குப் பிடித்த கேள்வி இது. வைனைப் பற்றிப் பெரிதாகக் கதைக்கிறவர்கள் பலருக்கு முட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. உங்கள் ஐயாவுக்குத் தெரியும்.

பாளையிலிருந்து சொட்டும்போது அது இனிப்புத் தண்ணீர், புளிப்பே இல்லை. புளிப்பில்லாத இனிப்பு என்றால் எந்தக் கிருமிக்கும் கதவு திறந்த வீடு. காற்றிலும் பாளையிலும், கழுவியும் முட்டியில் ஒட்டியிருக்கும் பழைய கள்ளிலும் ஈஸ்ற் இருக்கிறது, முட்டி மரத்தில் தொங்கும்போதே வேலை தொடங்கிவிடும். ஆனால் ஈஸ்ற் தனியாக வருவதில்லை. சீனியைப் புளியாக்கும் கிருமிகளும் மதுசாரத்தை வினாகிரியாக்கும் கிருமிகளும் ஒரே பந்தியில் இருந்துவிடும். கள்ளில் மதுசாரமும் 4, 5 வீத அளவில்தான், அதற்குள் அவை சுகமாகச் சீவிக்கும்.

முந்திரிகைச் சாறோ பிறக்கும்போதே புளிப்பு. கெடுக்கிற கிருமிகளில் பலதுக்கு வாசலிலேயே தடை. நொதித்து முடிய 12, 13 வீத மதுசாரம், அது இரண்டாம் வேலி. காற்றுப் படாமல் மூடுவது மூன்றாவது. நாலாவது கந்தகம், உங்கள் ஐயா முட்டியில் சுண்ணாம்பு பூசிய அதே வேலை. சுண்ணாம்பு பூசினால் நொதிப்பு நின்று கருப்பநீராகவே இறங்குகிறது இல்லையா? சுண்ணாம்பு காரம் ஏற்றிக் கிருமியை முடக்கும், கந்தகம் வேறு வழியில் முடக்கும். வெறும் பீப்பாவுக்குள் கந்தகத் திரியைக் கொளுத்தி வைக்கும் பழக்கத்தைப் பரப்பியவர்கள் ஒல்லாந்தர், கப்பலில் தூரம் கொண்டுபோகவேண்டிய வியாபாரிகள் அவர்கள். 1658இல் எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த அதே ஒல்லாந்துக் கொம்பனிதான் தென்னாபிரிக்க முனையில் முந்திரிகை நட்டு, 1659 மாசி 2இல் முதல் வைன் பிழிந்தது.

மண் பாத்திரமும் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஜோர்ஜியாவில் ஆள் உயரத்துக்கும் மேலான மண் தாழிகளை, குவெவ்ரி என்பார்கள், உள்ளே தேன்மெழுகு பூசி, கழுத்துவரை நிலத்தில் புதைத்து, பழத்தைத் தோலும் விதையுமாக அதற்குள் கொட்டி மூடி ஐந்தாறு மாதம் விடுகிறார்கள். நிலம் குளிர்ச்சியைப் பார்த்துக்கொள்ளும். அந்த முறையை யுனெஸ்கோ 2013இல் தன் பட்டியலில் சேர்த்தது. அதே நாட்டில் கிடைத்த மண்பாண்டத் துண்டுகளில் ஏறக்குறைய 8000 வருடத்துக்கு முந்திய வைன் தடயம் இருப்பதாக 2017இல் வெளியிட்டார்கள். எங்கள் கள்ளுக்கு அப்படி யாரும் தோண்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை, ஓலைப் பிளாவும் மண் முட்டியும் மக்கிப்போகும், உடைந்துபோகும் சாமான்கள்.

ஆனால் ஒன்று, ஐம்பது வருடம் நிற்பது சில வைன்தான். நல்லூர் ஆசிரியைக்குச் சொன்னது உங்களுக்கும்.

சிவப்பு வைன் இருதயத்துக்கு நல்லதாமே, இரவில் ஒரு கிளாஸ் எடுக்கலாமா?
— ஓய்வுபெற்றவர், மானிப்பாய்

மருந்தென்று எடுக்கவேண்டாம். அளவு எதுவானாலும் உடலுக்குத் தீங்கில்லாத மதுசாரம் என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. மாத்திரை எடுக்கிறவர் என்றால் முதலில் டொக்டரைக் கேளுங்கள்.

கோவில் பூசைக்கு எந்த வைனும் பாவிக்கலாமா?
— வாசகி, இளவாலை

கத்தோலிக்கத் திருச்சட்டப்படி அது முந்திரிகைப் பழத்திலிருந்தே வந்ததாக, கெடாததாக இருக்கவேண்டும். அன்னாசி, நெல்லி, பேரீச்சை எதுவும் சரிவராது. நிறத்துக்குக் கட்டுப்பாடு இல்லை.

யாழ்ப்பாணத்து நண்டுக் கறிக்கு எந்த வைன் பொருந்தும்? பாரிசில் ஒரு விருந்தில் சிவப்பு வைனோடு தின்று வாய் எரிந்ததுதான் மிச்சம்.
— வாசகர், லாசப்பல், பாரிஸ்

எரியத்தான் செய்யும் தம்பி. சிவப்பு வைனின் துவர்ப்பும் கூடிய மதுசாரமும் மிளகாய்க்கு நெய் ஊற்றுகிற வேலையைச் செய்யும், கடல் சாமானோடு சேர்ந்தால் வாயில் இரும்பு ருசி வேறு. உறைப்புக்கு எதிரே இனிப்பும் புளிப்பும் குளிரும் வேண்டும். ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பக்கத்து ரீஸ்லிங், கொஞ்சம் இனிப்பு மிஞ்சியது, 8, 9 வீதம்தான் இருக்கும், கடைக்காரரிடம் 'கபினெற்' என்று கேட்டுப் பாருங்கள், நல்லாகக் குளிரவைத்து எடுக்கவேண்டும். அல்சாஸ் பக்கத்துக் கெவுர்ஸ்ட்ராமினர் பெயரைச் சொல்வதற்குள் நண்டு ஆறிவிடும், ஆனாலும் பொருந்தும். தேங்காய்ப்பால் கூட விட்ட வெள்ளைக் கறி என்றால் லுவார் ஆற்றுப் பக்கத்துச் செனென் பிளாங் இன்னும் நல்லது.

ஒடியல் கூழுக்கு எது என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கூழுக்கு ஒன்றும் வேண்டாம். பிலாவிலையைக் கோலிக்கொண்டு பேசாமல் குடியுங்கள்.